பொங்கல் முடிந்ததும் கிளம்புங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வைகாசியில் திருமணம் ஆகி நான்கு மாதம் ஆகிறது. கணவர் ஓமன் நாட்டின் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார், கடற்கரையை ஒட்டி ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறார். பள்ளி ஆண்டு முடிந்து மே மாதத்தில் நீங்கள் வந்து சேர்ந்தால் போதும் என்கிறார். நீங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறீர்கள். வேலையை விடலாமா, கடலோர வாழ்க்கை எப்படி இருக்கும், பெட்டியில் என்ன எடுத்துப் போவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவர் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க நான் என்ன செய்வேன் என்று இதுவரை யாரும் பேசவில்லை." உங்களுடைய உண்மையான கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

நானும் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். வேதியியலில் முதுகலையும் பி.எட்.டும் படித்தேன். திருமணமான மறு ஆண்டு, 1998-இல், கணவரோடு மஸ்கட் போனேன். 2017-இல் திரும்பி வந்து இப்போது ஏற்காட்டில் இருக்கிறோம். அந்த 19 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களோடு வீடு பார்க்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், காகிதங்களைச் சரி செய்யவும் கூடவே அலைந்திருக்கிறேன். வீட்டையும் உப்புக் காற்றையும் பகல் பொழுதையும் பற்றி உறுதியாகச் சொல்வேன். விசா விதிகள் அப்படியல்ல, அவை அடிக்கடி மாறுகின்றன. நான் சட்டம் படித்தவளும் இல்லை. அந்த இடங்களில் இந்தியத் தூதரகத்திலும் விசா வழங்கும் ஓமன் காவல்துறையிடமும் உங்கள் கணவர் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். போங்கள். ஆனால் மே மாதத்தில் போகாதீர்கள். அரையாண்டுத் தேர்வை நடத்திக் கொடுத்துவிட்டு விடைபெறுவதாகப் பள்ளியில் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு ஆசிரியரைத் தேட அவர்களுக்கும் மூன்று மாதம் கிடைக்கும். மார்கழியில் குடிபோகக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அவர்கள் மனம் கோணாமல் பொங்கலை இங்கேயே கொண்டாடிவிட்டுத் தை பிறந்ததும் கிளம்புங்கள். அதற்குள் உங்கள் பெயரில் இருக்கவேண்டிய காகிதங்கள் அனைத்தும் கைக்கு வந்துவிட வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் முதல் ஆண்டை நல்லபடியாகக் கடந்தவர்களுக்கும் மூன்றாம் மாதமே அழுதுகொண்டு ஊர் திரும்பியவர்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டுதான்: எந்த மாதம் போய் இறங்கினார்கள், மனைவியின் கையில் என்ன காகிதம் இருந்தது.

மாதத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடலோரம் என்றதும் சேலத்துக்காரர்களுக்கு மெரினாவின் மாலைக் காற்றுதான் நினைவுக்கு வருகிறது. ஓமன் கடற்கரையின் கோடை அப்படிப்பட்டதல்ல. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே குறியாத் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. 2018 ஜூன் 26 அன்று அங்கே ஒரு நாள் முழுவதிலும் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 42.6 டிகிரி. அதிகபட்சம் அல்ல, குறைந்தபட்சம். சேலத்தில் பகலில் 40 டிகிரி காய்ந்தாலும் விடியற்காலையில் திண்ணையில் படுத்தால் உடம்பு ஆறிவிடும். அங்கே அது நடப்பதில்லை. கோடையில் கடல் நீரே 30 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதன் மேலுள்ள காற்று ஈரத்தைச் சுமந்திருப்பதால் இரவிலும் சூடு வெளியேறாது, வியர்வையும் உலராது. போதாததற்கு ஊருக்குப் பின்னால் நிற்கும் ஹஜர் மலையின் வறண்ட பாறைகளிலிருந்து அனல் காற்று இறங்கும். மே மாதம் போய் இறங்கும் பெண் முதல் ஐந்து மாதம் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டாள். ஊர் அவளுக்குப் பழகாது, ஒரு முகமும் தெரியாது. ஜனவரியில் போகிறவளோ மாலையில் கடற்கரையில் நடக்கலாம், மத்ரா சந்தையைச் சுற்றிப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிப் பழகலாம். கோடை வரும்போது அவளுக்கு அந்த ஊர் சொந்த ஊர் போல ஆகியிருக்கும்.

அடுத்தது வீடு. கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டை அன்போடு தேர்ந்திருக்கிறார் உங்கள் கணவர், அவர் மனம் நோக வேண்டாம். ஆனாலும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கடலிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளி, முதல் மாடிக்குக் குறையாமல் ஒரு வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்பு முதல் சில நூறு மீட்டருக்குள்தான் மிக அதிகமாகப் படிகிறது, தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைகிறது. முதல் வரிசை வீடுகளில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் உள்ள அலுமினியத் தகடுகள் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். ஏ.சி. நின்றுபோன ஜூலை மாத இரவு கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் எப்படிக் கழியும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது பால்கனிக் கம்பியின் அடிப்பாகத்தையும் ஜன்னல் கொக்கியையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் பழுப்புப் பொடி ஒட்டினால், அந்தச் சுவருக்குள் இருக்கும் கம்பியும் அதே நிலையை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ப் பெண்களுக்கு அதிர்ச்சி தருவது எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிப்பதுதான். 1981 முதல் உருக்காலை இயங்கும் ஊரிலிருந்து போகிறோம், எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பியே வளர்ந்தோம். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகப் படர்ந்திருப்பது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும், ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். 304 என்ற ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, அது ஓரளவு தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகத்தில் செய்த மலிவுப் பாத்திரங்கள்தான் முதலில் புள்ளி விடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறோம் என்பார்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இதற்கு உதவாது. சீர்வரிசைப் பாத்திரம் முழுவதையும் மூட்டை கட்டாதீர்கள். 304 என்று முத்திரையுள்ள நான்கைந்து பாத்திரம் போதும். கழுவியதும் துணியால் துடைத்து உள்ளே வையுங்கள். ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கும் நம் பழக்கம் அங்கே வேண்டாம்.

கொலுசைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே பொட்டும் கொலுசும் அணிந்து நடக்க எந்தத் தடையும் இல்லை, நான் 19 ஆண்டும் அணிந்தேன். வெள்ளி கருப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால், ஈரம் அதை விரைவுபடுத்தும். அணியாத கொலுசைக் காற்றுப் புகாத பையில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போட்டு வையுங்கள். கருத்துப் போனால் ஒரு பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் படும்படி கொலுசை வைத்து, சமையல் சோடா போட்ட கொதிநீரை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி குறையாமல் வெளுக்கும். அழுகின முட்டை வாசம் லேசாக வரும், பயப்பட வேண்டாம். கல் பதித்த கொலுசுக்கும் அழகுக்காகவே கருப்பு ஏற்றிய வேலைப்பாட்டுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

இனி காகிதம். 2007 ஜூன் முதல் வாரத்தில் கோனு புயல் வந்தபோது நாங்கள் குறம் பகுதியில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். அதற்கு முன் அப்படியொரு மழையை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்தில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் இறங்கி வந்து பார்த்தபோது, அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்த கோப்பு சேற்றோடு ஊறிக் கிடந்தது. பி.எட். சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், திருமணச் சான்று எல்லாம் அதில்தான் இருந்தன. கணவரின் வெண்பட்டு வேட்டி ஒன்றைக் கிழித்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மின்சாரம் வந்த பிறகு இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். பல்கலைக்கழக முத்திரை நீலக் கறையாகிப் பக்கத்து வரிகளில் பரவியிருந்தது. நகல் சான்றிதழ் வாங்க ஊரில் என் தம்பி எட்டு மாதம் அலைந்தான். குடிநீருக்குப் பல நாள் லாரியை எதிர்பார்த்து நின்றதை மறந்துவிட்டேன், அந்த நீலக் கறையை மறக்கவில்லை. அசல் சான்றிதழ்களை உயரமான தட்டில், நீர் புகாத உறையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு படியை உங்கள் அம்மாவிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்று வேண்டும். வேலை தேட நினைத்தால் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். இவற்றில் முதலில் மாநில அரசின் சான்றொப்பமும், அதன் மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் ஏற்கப்படும் சான்று முத்திரையும் பெறவேண்டும். இந்தியா 2005 முதலும் ஓமன் 2012 முதலும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் அது அங்கே செல்லும். அரபு மொழிபெயர்ப்பை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம். திருமணச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "நான் வேலைக்கா போகப் போகிறேன்" என்று பட்டத்தை வீட்டில் விட்டுவிட்டு வரும் பெண்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆறு மாதத்தில் வேலைக்கு மனம் ஏங்கும். அப்போது சான்றிதழ் சேலத்தில் இருக்கும், கூரியரும் தரகரும் வைப்பதுதான் கணக்காக இருக்கும். இப்போதே உங்கள் பட்டங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.

அதற்கு முன் உங்கள் பெயரைப் பாருங்கள். தமிழர்களான நமக்கு அதிகம் வரும் தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு பெயர், ஆதாரில் முன்னெழுத்து பின்னால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்தோ குடும்பப் பெயர் இடம் வெறுமையாகவோ இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள், வெளிநாட்டுக் கணினிக்கு மூன்று ஆட்கள். 2022 நவம்பரில் பக்கத்து நாடான அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து நம்மவர்கள் பலர் திண்டாடினார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் நிரம்பியிருக்கட்டும், திருமணச் சான்றிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் வரட்டும். கணவர் பெயரைப் பின்னால் சேர்ப்பது உங்கள் விருப்பம். நான் சேர்க்கவில்லை. அதனால் என் பட்டங்களுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெயர் ஒன்றாகவே இருந்தது, பெரிய நிம்மதி.

வேலை விஷயத்தில் ஒன்று உறுதி: குடும்ப விசா வேலை செய்யும் அனுமதி அல்ல. வேலை கொடுக்கும் நிறுவனம் உங்களை அதற்குரிய விசாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வீட்டோடு டியூஷன் என்று சிலர் ஆசை காட்டுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். சில பணிகளை அந்நாட்டு மக்களுக்கென்றே ஒதுக்கும் கொள்கையும் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் ஓமனில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் 20-க்கு மேல் இருக்கின்றன. மஸ்கட் இந்தியப் பள்ளி 1975-இலேயே தொடங்கியது. கணிதமும் பி.எட்.டும் கையில் இருக்கும் உங்களுக்கு அங்கே வழி உண்டு என்றே நினைக்கிறேன். எந்த மாதத்தில், என்ன சம்பளத்தில் என்பதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. எனக்கே நான்காம் ஆண்டுதான் கிடைத்தது. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், தை மாதம் போய் இறங்குவது இதற்கும் தோதாக இருக்கும். ஞாயிறு அங்கே வேலை நாள், வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்கும்வரை பகல் எப்படி என்கிறீர்களா? கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். மஸ்கட் சேலத்தைப் போலக் கடைவீதியைச் சுற்றி அமைந்த ஊர் இல்லை. கடலுக்கும் மலைக்கும் நடுவில் நாடா மாதிரி பல கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அஸைபா பகுதியில் இருந்துகொண்டு ருவி பகுதியில் முருங்கைக்காய் வாங்க நினைத்தால் நடந்து போக முடியாது. 2015 முதல் நல்ல நகரப் பஸ்கள் ஓடுகின்றன, ஆனால் ஜூன் மாத மதியத்தில் நிறுத்தம் வரை நடப்பதே கடினம். அங்கே குடியிருப்பவர் அந்நாட்டு உரிமம் எடுக்கவேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. எண்ணெய் பீப்பாய்களை நிறுத்திவைத்து, அவற்றுக்கு நடுவில் வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுபோய் இடிக்காமல் நிறுத்தச் சொல்வார்கள், டிரம் டெஸ்ட் என்போம். மூன்று முறை பீப்பாயைத் தட்டிவிட்டேன். நான்காம் முறை, பின்கண்ணாடியில் முதல் பீப்பாயின் வெள்ளைக் கோடு மறையும் நொடியில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கவேண்டும் என்ற கணக்கு பிடிபட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓமானிய ஆசிரியை என் தோளைத் தட்டி "கலாஸ்" என்றார், முடிந்தது என்று பொருள். அன்றைக்குப் பிறகு என் பகல் என் கையில் வந்தது. வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு என்பதால் ஊரில் பழகியது கொஞ்சம் குழப்பும். இருந்தாலும் கியர், கிளட்ச் பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஆகவே இந்த மூன்று மாதத்தில் சேலத்திலேயே கற்கத் தொடங்குங்கள்.

உங்கள் இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலத்தில் மனைவிக்கு அம்மா வீடு பக்கத்தில் இருக்கும், கணவருக்கு நண்பர்கள் இருப்பார்கள். ஒரு சின்னக் கோபம் நான்கு பேரிடம் கரைந்துபோகும். அங்கே இரண்டு அறை வீட்டில் அவருக்கு நீங்களும் உங்களுக்கு அவரும் மட்டுமே. காலை ஏழு மணிக்குப் போய் இருட்டியபின் வருபவருக்கு வீடு ஓய்விடம், பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்தவருக்கு அப்போதுதான் நாள் தொடங்குகிறது. முதல் சண்டைகள் பெரும்பாலும் அந்த மணியில்தான் வரும். அது அன்புக் குறைவு அல்ல என்று இருவருமே முன்கூட்டித் தெரிந்து வைத்திருங்கள். அன்று நடந்ததை அன்றிரவே ஊருக்குப் போன் செய்து சொல்லாதீர்கள். அங்கே இரவு 9.30 என்றால் இங்கே 11 மணி, அம்மா தூங்காமல் விடிய விடிய நினைத்துக்கொண்டிருப்பார். என் மாமியாரிடம் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, நாங்கள் சமாதானமாகி ஒரு வாரம் ஆன பிறகும் அவர் கவலையை ஆற்ற முடியாமல் தவித்தேன். ருவி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு, தர்ஸைத்தில் கிருஷ்ணன் கோயிலும் பழைய மஸ்கட்டில் சிவன் கோயிலும் இருக்கின்றன. முதல் மாதமே போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாததைச் சொல்கிறேன், வைக்கவேண்டியதை விட அது முக்கியம். கசகசா வேண்டாம். வளைகுடா நாடுகள் பலவற்றில் அது போதைச் செடியின் விதையாகவே பார்க்கப்படுகிறது. அம்மா அரைத்துத் தரும் குருமா மசாலாவில் கலந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோடீன், டிரமடால் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். ஜவ்வரிசி வடாம் தாராளமாக எடுத்துப் போங்கள், ஆனால் டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் ஈரம் குடித்து நமத்துவிடும். கோடையில் ஹீட்டரை அணைத்து வையுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும், வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் தேங்கிய தண்ணீர்தான் குளிக்கத் தகுந்த சூட்டில் இருக்கும். மேட்டூர் அணை மீன் சாப்பிட்டுப் பழகியவர் என்றால் கடல் மீனுக்கு நாக்கு பழகக் கொஞ்ச நாள் ஆகும். வஞ்சிரம் அங்கே அருமையாகக் கிடைக்கும், இனப்பெருக்கத்துக்காக ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை மட்டும் பிடிக்கத் தடை.

பணத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு ரியாலுக்கு 200 ரூபாய்க்கு மேல். கடையில் ஒவ்வொரு பொருளையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒன்றுமே வாங்க மனம் வராது, பெருக்காமலே இருந்தால் கை ஓட்டையாகிவிடும். மாதச் செலவை ரியாலிலும் சேமிப்பை ரூபாயிலும் கணக்கிடுங்கள். ஊர் வங்கிக் கணக்குகளை இருவரும் வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கவேண்டும். பின்னதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அதில் உங்கள் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். இரண்டாவது எச்சரிக்கை நிலம். பணம் சேர்ந்ததும் ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கவேண்டும் என்று உங்கள் கணவர் ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் அதே ஆசைதான். முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் வங்கியில் ஒருவர் தடுத்துச் சொன்னார்: வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். நாங்கள் ஊர் திரும்பி, இங்கே வசிப்பவர்களாக மாறிய பிறகுதான் இந்தத் தோட்டத்தை வாங்கினோம். தம்பி பெயரில் வாங்கிப் போடலாம் என்று யோசனை சொல்பவர்களால் உடைந்த குடும்பங்களை நான் அறிவேன்.

கடலைப் பார்த்தால் பயம் என்று எழுதியிருந்தீர்கள். மஸ்கட் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியானது. தெற்கே சலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மூர்க்கமாக இருக்கும். 2022 ஜூலையில் முக்ஸைல் கரையில் படம் எடுக்கத் தடுப்பைத் தாண்டி நின்றவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். கடலைவிட எனக்கு அச்சம் தந்தது வாதிகள்தான். நம் திருமணிமுத்தாறு போல ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகைகள் அவை. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே மலையில் பெய்த மழை சுவர் போல வந்துவிடும். 2024 ஏப்ரலில் அப்படி வந்த வெள்ளம் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலரைக் கொண்டுபோனது. சாலையைத் தண்ணீர் கடந்தால், முழங்கால் அளவுதான் என்று யார் சொன்னாலும் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். துணிந்து கடப்பது அங்கே சட்டப்படியும் குற்றம்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காத ஒன்று. கோயிலில் திருமணம் நடந்தது, சான்று "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி திருமணமான 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. நான்கு மாதம் என்றால் முதல் கெடு தாண்டிவிட்டது, இரண்டாவதில் ஏறக்குறைய ஒரு மாதம் மீதி இருக்கிறது. கையெழுத்துக்குக் கணவரும் நேரில் வரவேண்டியிருக்கும் என்பதால் இன்றே பேசி, ஆயுத பூஜையை ஒட்டி அவர் நான்கு நாள் விடுப்பில் வர முடியுமா என்று கேளுங்கள். அவர் டிக்கெட் எடுப்பதற்கு முன், திருமணம் நடந்த கோயில் எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் வருகிறது, என்னென்ன கொண்டுவரவேண்டும் என்று நீங்கள் நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கி வந்துவிடுங்கள். போகும்போது இருவருடைய பாஸ்போர்ட் நகலையும் எடுத்துச் சென்று, பெயரை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.